குளிரில் புது போட் எஞ்சின்: கயிற்றைத் தொடுவதற்கு முன்னால்

தேயிலை மலையில் குடியிருப்பவனுக்கு போட் எஞ்சின் எதற்கு என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். கேமரன் மலையில், தானா ராத்தாவில் வாசலை விட்டு இறங்கினால் கொழுந்துதான் தெரியும், தண்ணீர் தெரியாது. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை நானும் மச்சானும் சம்பான் படகை லோரியில் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி, ஈப்போ, கோல கங்சார், கிரிக் எல்லாம் தாண்டி தெமெங்கோர் ஏரிக்குப் போய்விடுவோம், தோமான் மீன் பிடிக்க. பல வருடம் துடுப்பிலும் இரவல் வாங்கிய ஒரு பழைய டூ ஸ்ட்ரோக்கிலும் காலம் தள்ளிவிட்டு, கடைசியில் 5 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். மலாய்க்காரர்கள் எஞ்சின் சங்குட் என்பார்களே, படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுவது, அதுதான்.

வாங்கி வந்த மறுநாள், டிசம்பர் மாதம், காலை ஏழு மணி, 16 டிகிரி, பக்கத்து வீட்டுக் கூரை தெரியாத அளவுக்குப் பனி. நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை மாட்டி கயிற்றை இழுத்தேன். முப்பது தடவை இழுத்திருப்பேன். தோள்பட்டை போனதுதான் மிச்சம். புது எஞ்சினே இப்படியா என்று கடைக்காரரைத் திட்டினேன், குளிரைத் திட்டினேன். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குளிருக்கு இதில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் நானே செய்ததும் செய்யாமல் விட்டதும். அதனால் இழுப்பது எப்படி என்பதை இங்கே கொஞ்சம் தள்ளித்தான் சொல்வேன்.

முதலில் ஒரு சின்ன ஒப்பந்தம். பெட்ரோலையும் எண்ணெய் என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அப்படிச் சொன்னால் யாராவது ஆயிலை டேங்கில் ஊற்றிவிடுவார்கள். பெட்ரோல் என்றால் பெட்ரோல், ஆயில் என்றால் ஆயில்.

என் முதல் தப்பு எஞ்சினைப் படுக்க வைத்த விதம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே கிடக்கிறது, கார் மாதிரி. நிமிர்ந்து நிற்கும்வரை அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். தப்பான பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால் மெல்ல வழிந்து சிலிண்டருக்குள்ளும் காற்று போகும் வழியிலும் புகுந்துவிடும். எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டிருக்கும், பல எஞ்சின்களில் உடம்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அல்லது அந்தப் பக்கத்தில் மட்டும் தரையில் ஊன்ற ரப்பர் முட்டுகள் வைத்திருப்பார்கள். நான் அதையெல்லாம் பார்க்காமல், பெயர் தெரிகிற பக்கம் அழகாக மேலே இருக்கட்டும் என்று படுக்க வைத்து, கேமரன் மலையின் அத்தனை வளைவுகளிலும் உருட்டிக்கொண்டு வந்தேன். பொறி அடிக்கும் பிளக்கைக் கழற்றியபோது பஜ்ஜி சட்டியில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது.

உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் பலத்தைக் காட்டவும் வேண்டாம். கயிறு பாதியில் இறுகி நின்றால் அதற்குமேல் இழுக்காதீர்கள். ஆயில் காற்று மாதிரி அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றுங்கள். பொறி அடிக்காமல் இருக்க, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சின் கிளிப்பை எடுத்துவிடுங்கள். பிளக் ஓட்டை மேல் ஒரு பழைய துணியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாகப் பத்து தடவை இழுத்தால் உள்ளே புகுந்த ஆயில் துணிக்கு வந்துவிடும். பிளக்கைத் துடைத்துப் போட்டுக் கிளப்பினால் ஐந்து நிமிடம் கொசு மருந்து அடிப்பது போல நீலப் புகை வரும், அப்புறம் தெளிந்துவிடும். இன்னொன்று: ஓட்டி முடித்த எஞ்சினைப் படுக்க வைப்பதற்கு முன் நிமிர்த்தி நிற்க வைத்து உள்ளே உள்ள தண்ணீரை வடியவிட வேண்டும். கிப்பாஸ், அதாவது தண்ணீரைத் தள்ளும் விசிறி, இருக்கும் அடிப்பகுதி தலையை விட உயரமாக எப்போதும் இருக்கக் கூடாது, மிச்சத் தண்ணீர் புகைவழியாகவே சிலிண்டருக்குள் இறங்கும்.

அடுத்தது, ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் சிறிய ஃபோர் ஸ்ட்ரோக்குகள் சில ஆயில் இல்லாமலே பெட்டியில் வரும். கடைக்காரர் ஊற்றியிருப்பார் என்று நாம் நினைப்போம், வாங்குகிறவர் ஊற்றிக்கொள்வார் என்று கடைக்காரர் நினைப்பார். எஞ்சினை நேராக நிமிர்த்தி அளவுக்குச்சியைத் துடைத்து விட்டு எடுத்துப் பாருங்கள். 5 குதிரைசக்திக்கு ஏறக்குறைய அரை லிட்டர்தான் பிடிக்கும், அதனால் ஒரு கை தாராளமாக ஊற்றினாலே அளவு மீறிவிடும். ஊற்ற வேண்டியது 10டபிள்யூ-30 ஆயில், போத்தலில் படகு எஞ்சினுக்கான எஃப்சி-டபிள்யூ முத்திரை உள்ளது. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்றாதீர்கள்.

பெட்ரோல் ரோன் 95 போதும், 97 ஊற்றிச் செல்லம் கொடுக்க வேண்டியதில்லை. புதிதாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது. உங்களுடையது டூ ஸ்ட்ரோக் என்றால் கதையே வேறு: பெரும்பாலானவற்றுக்கு முதல் 10 மணி நேரம் 25க்கு 1, அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி ஆயில், பிறகு கையேடு சொல்கிற அளவு, பலவற்றுக்கு 50க்கு 1, அதாவது 200 மில்லி. அந்த ஆயில் டிசி-டபிள்யூ3 ஆக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் டூ-டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது, தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு அது ஒத்துவராது.

இப்போது குளிருக்கு வருவோம். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலில் பாதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை ஈடுகட்டத்தான் சோக்: காற்றின் வழியை அடைத்தால் பெட்ரோலின் பங்கு கூடும். எல்லாரும் சொல்வது இவ்வளவுதான். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல், இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நூற்றுக்கு 85 தான். அதாவது காற்று ஏற்கெனவே கம்மி. கடல் மட்டத்துக்கு அளவு வைத்து அனுப்பிய கார்புரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம், இங்கே சோக் இழுக்காமலே கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது. கையேடு சொல்கிறபடி சோக்கை முழுக்க இழுத்துவிட்டு, எஞ்சின் ஒரு தடவை இருமிய பிறகும் அப்படியே விட்டு இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்து மூழ்கிவிடும். நான் இங்கே விடியற்காலையில் முழு சோக்கில் இரண்டே இழுப்பு, அப்புறம் பாதி. வெயில் ஏறிவிட்டால் முதலிலிருந்தே பாதி. அதே எஞ்சின் தெமெங்கோரில் காலைப் பனியில் முழு சோக்கில் மூன்று இழுப்பு கேட்கும். கார்புரேட்டர் திருகைத் திருகி இதைச் சரி செய்யப் பார்க்காதீர்கள், உயரம் மாறினால் அது மாறத்தான் செய்யும்.

மலையிலிருந்து இறங்கும்போது ஏறும் சூடு டேங்கிலும் விளையாடும். தனி டேங்க் வைத்திருப்பவர்கள் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பயணத்துக்காக இறுக்கி மூடுவோம், மூடத்தான் வேண்டும், இல்லையென்றால் லோரி முழுக்க நாறும். குளிர்ந்த மலையில் மூடிய டேங்க் சூடான கிரிக்கில் போய் இறங்கும்போது உப்பிக்கொண்டு நிற்கும். அப்படியே குழாயைச் செருகினால் உள்ளே உள்ள அழுத்தம் பெட்ரோலைத் தள்ளி கார்புரேட்டரை நிரப்பிவிடும். கையில் குழாயை எடுப்பதற்கு முன் காற்றுத் திருகைத் திறங்கள். புஸ்ஸென்று சத்தம் வரும், சிகரெட்டோடு யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. திறந்ததை எஞ்சின் ஓடும்போதும் திறந்தே விடுங்கள். மறந்து மூடியே ஓட்டினால் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு மூச்சுத் திணறி நிற்கும், டேங்க் ஒட்டிப்போன வயிறு மாதிரி உள்ளே குழிந்திருக்கும்.

சரி, கயிறு. எஞ்சின் நேராக, தண்ணீர் அந்தக் கிடைத்தட்டு, அதாவது கிப்பாஸுக்கு மேலே சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு மேலே ஒரு சாண் இருக்கும்படி நிறைந்த டிரம்மில். கிப்பாஸைக் கழற்றிவிடுவது நல்லது, டிரம்மில் கியர் போடவே கூடாது. கட்டாயம் வெளியில் வைத்துச் செய்யுங்கள், குளிருகிறதே என்று கொட்டகைக்குள் வைத்துக் கிளப்பினால் அந்தப் புகை ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். கில் சுவிட்ச் கிளிப் மாட்டியிருக்கிறதா? நான் அதையும் ஒரு தடவை மறந்துவிட்டு இழுத்திருக்கிறேன். நியூட்ரல். வேகத்தைக் கூட்டும் கைப்பிடி ஸ்டார்ட் குறியில். பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் குமிழை அம்புக்குறி மேலே பார்க்கிற மாதிரி நிறுத்திப் பிடித்து, பழுக்காத கொய்யா மாதிரி கெட்டியாகும்வரை அமுக்குங்கள். படுத்த வாக்கில் அமுக்கினால் உள்ளே உள்ள தக்கை சரியாக உட்காராது, நாள் பூராவும் அமுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

சோக்கை இழுங்கள். பின்னால் யாரும் நிற்கவில்லை என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், என் முழங்கை மச்சான் மூக்குக்கு எவ்வளவு பக்கத்தில் போனது என்று அவனைக் கேட்டால் சொல்வான். கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் பல் பிடித்து இறுகும், அங்கே நிறுத்துங்கள். அங்கிருந்துதான் இழுப்பு: தோளால், நீளமாக, வேகமாக. கையை மட்டும் வெடுக்கென்று சுண்டினால் காந்தச் சக்கரம் போதுமான வேகத்தில் சுற்றாது, பொறி பலமாக இருக்காது. முடிந்ததும் கயிற்றின் பிடியை விட்டுவிடாமல் கூடவே கொண்டுபோய் வையுங்கள், விட்டால் கயிறு அடித்துக்கொண்டு போய் உள்ளே சிக்கும். ஒரு இருமல் வரும், ஓடாது. அந்த இருமல்தான் சோக்கைப் பாதிக்குத் தள்ளச் சொல்லும் சாடை. அடுத்த இழுப்பில் பிடிக்கும். பிடித்தவுடன் முறுக்காதீர்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

கிளம்பியவுடன் கண் போக வேண்டிய இடம் பின்பக்கம் தண்ணீர் பீச்சும் சின்ன ஓட்டை. படகுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது, குழந்தைகளுக்கும் புரியும் பெயர். சில விநாடிகளில் அங்கிருந்து தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் அணைத்துவிடுங்கள், யோசிக்காதீர்கள். தண்ணீரை மேலே ஏற்றுவது இம்பெல்லர் என்கிற ரப்பர் சக்கரம், அது தண்ணீரிலேதான் வழுக்கிச் சுற்றும், காய்ந்து சுற்றினால் ஒரு நிமிடத்துக்குள் கருகிப்போகும். சத்தம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று தண்ணீர் இல்லாமல் ஒரே ஒரு தடவை கிளப்பிப் பார்த்தேன் என்பவர்களுக்கு போமன் கடையில், அதாவது மெக்கானிக் கடையில், தனி வரிசையே உண்டு. தண்ணீர் முதலில் குளிர்ச்சியாகவே வரும், எஞ்சின் சூடானதும் வெதுவெதுப்பாகும்.

ஆறு ஏழு இழுப்பில் பிடிக்கவில்லை, மூக்கில் பெட்ரோல் வாடை ஏறுகிறது என்றால் மூழ்கிவிட்டது. சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, நியூட்ரலில் வேகக் கைப்பிடி எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து, நாலைந்து தடவை இழுங்கள். பிடித்தால் உறுமிக்கொண்டு எழும்பும், உடனே கைப்பிடியைக் குறைக்கத் தயாராக இருங்கள். அதிலும் ஆகவில்லையென்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு உபரி பிளக் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

இனி முதல் பத்து மணி நேரம். புது எஞ்சினில் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றுக்கொன்று இன்னும் பழகவில்லை. முதல் பத்து நிமிடம் மெதுவாக, அப்புறம் இரண்டு மணி நேரம் வரை பாதி வேகத்துக்கு மேல் வேண்டாம், மூன்றாவது மணியில் முக்கால் வரை போகலாம், இடையிடையே ஒரு நிமிடம் முழு வேகம். பத்து மணி முடியும்வரை ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து முழு வேகம் கூடாது. கையேட்டில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், அதையே கேளுங்கள். ஆனால் நம் ஆட்கள் செய்யும் தப்பு வேகம் இல்லை, பயம். புது எஞ்சின் பாவம் என்று பத்து மணி நேரமும் ஆமை வேகத்திலேயே உருட்டுவார்கள். பாரம் ஏறாமல் வளையம் உட்காராது. டிரம்மிலேயே மணிக்கணக்கில் சும்மா ஓடவிட்டுப் பழக்குகிறேன் என்பதும் அப்படித்தான்.

குளிரில் இந்த ஆமை ஓட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. எஞ்சின் முழுசாகச் சூடாகாமல் மெதுவாகவே ஓடினால் எரியாத பெட்ரோல் வளையங்களைத் தாண்டி ஆயிலில் போய்ச் சேரும். அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். என் எஞ்சின் ஆயில் குடிக்கவே இல்லை, கூடியிருக்கிறது பார் என்று மச்சானிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவன் குச்சியை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பெட்ரோல் வாடை. ஆயில் தண்ணீராக நீர்த்துப்போயிருந்தது. உடனே மாற்றினேன். அதிலிருந்து தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும் நாட்களில் அரை மணிக்கு ஒரு தடவை சில நிமிடம் நன்றாக ஓட்டிச் சூடேற்றிவிடுகிறேன், ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் குச்சியைப் பார்க்கும்போது மூக்குக்கும் வேலை கொடுக்கிறேன்.

முதல் ஆயில் மாற்றம் கையேட்டைப் பொறுத்து 10 அல்லது 20 மணி நேரத்தில். அப்போதே கீழே உள்ள கியர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். இரண்டு திருகு இருக்கும். இரண்டையும் கழற்றி வடியவிட்டு, கீழ் ஓட்டையிலிருந்து மேல் நோக்கித்தான் நிரப்ப வேண்டும், மேல் ஓட்டையில் வழியும்வரை. முதலில் மேல் திருகை மூடினால் கீழே குழாயை எடுக்கும்போது ஆயில் கொட்டாது. வடிந்த ஆயில் தே தாரிக் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்விட்டது. அந்த சீலைக் கெடுப்பதில் நம் தூண்டில் நரம்புக்கு முதலிடம். கிப்பாஸுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல அறுக்கும். இரண்டு பயணத்துக்கு ஒரு தடவை கிப்பாஸைக் கழற்றி நரம்பு இருக்கிறதா பாருங்கள், அப்படியே தண்ணீர் தாங்கும் கிரீஸ் ஒரு விரல் தடவுங்கள்.

தெமெங்கோர் காட்டை மூழ்கடித்து உண்டான அணை ஏரி, தண்ணீருக்கு அடியில் மரக்கட்டைகள் நின்றுகொண்டிருக்கின்றன. உங்கள் எஞ்சினில் கிப்பாஸைப் பிடித்திருப்பது ஷியர் பின் என்றால், கட்டையில் இடித்ததும் அந்தப் பின் உடைந்து கியரைக் காப்பாற்றும். பிறகு எஞ்சின் ஓடும், படகு நகராது. உபரிப் பின் இரண்டும் ஒரு இடுக்கியும் இல்லாதவன் துடுப்புப் போட வேண்டியதுதான். எஞ்சினின் இரண்டு கைத்திருகுகளையும் கிளம்பி அரை மணி கழித்து ஒரு தடவை இறுக்குங்கள், அதிர்வில் தளரும். ஒரு சங்கிலியோ கயிறோ போட்டுப் படகோடு கட்டியும் வையுங்கள்.

குளிர் நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் எஞ்சினுக்கு உறைபனி மருந்து அது இது என்று சொல்வார்கள். அங்கே நியாயம். உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருத்து இரும்பையே பிளக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை, கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 1978 பிப்ரவரியில் 7.8 டிகிரிதான். நம் எதிரி ஈரம். பனியும் மழையும் மாறி மாறி வரும் ஊரில் எஞ்சினைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றினால் உள்ளேயே வியர்த்துத் துருப்பிடிக்கும். நிமிர்த்தி, மரச்சட்டத்தில் மாட்டி, மேலே பழைய பருத்திச் சீலை போதும். ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், ஆனாலும் சேறு இருந்த நாளில் டிரம்மில் ஐந்து நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள், லூமுட் பக்கம் கடலில் ஓட்டியிருந்தால் பத்து நிமிடம் கட்டாயம்.

கழுவும்போதே கடைசி வேலையையும் முடித்துவிடலாம். பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி மிச்சத்தை ஒரு ஜாம் போத்தலில் பிடியுங்கள். ஒரு மாதம் கார்புரேட்டரில் கிடந்த பெட்ரோல் பிசுபிசுத்துத் துவாரத்தை அடைத்துவிடும், அடுத்த தடவை முப்பது இழுப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர், டேங்கைக் காலி செய்ய வேண்டும். போன ஞாயிறு என்னுடையதில் மூன்று முத்து இருந்தது. டேங்க் இப்போது கொல்லையில் கவிழ்ந்து காய்கிறது, மாமியார் அதன் மேல் துணி காயப்போட்டிருக்கிறார்.